ஏழாம் அத்தியாயம்: கண்டது ராக்கெட்தானா?

2024ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் தேதி இரவு, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-60 ராக்கெட் கிளம்புவதைக் கண்ணாரக் காண வேண்டுமென்று, வடசென்னையில் நண்பர் ஒருவர் வீட்டு மொட்டைமாடியில் பதினைந்து பேர் கூடியிருந்தோம். இரண்டு கலங்களை ஆகாயத்திலேயே ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கும் ‘ஸ்பேடெக்ஸ்’ சோதனைக்கான பயணம் அது. பத்து மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கையில், தென்னை மரங்களுக்கு அப்பால் மஞ்சள் வெளிச்சம் ஒன்று எழும்பவே, பிள்ளைகள் கைதட்டி ஆரவாரம் செய்தார்கள். நண்பருடைய மாமனார் கன்னத்தில் போட்டுக்கொண்டே விட்டார்.

“மாமா, கொஞ்சம் பொறுங்க. பச்சையும் சிவப்புமா மின்னுது பாருங்க, அது ஏரோப்ளேன்” என்றார் நண்பர்.

“ஒன்பது ஐம்பத்தெட்டுன்னு பேப்பர்ல போட்டிருக்கு மாப்பிள்ளை. இப்ப மணி என்ன, நீங்களே பாருங்க.”

மணி ஒன்பது ஐம்பத்தெட்டுதான். ஆனால் ராக்கெட் கிளம்பும் நேரத்தை அன்றைக்கே இரண்டு நிமிடம் பின்னுக்குத் தள்ளி, பத்து மணி பதினைந்து வினாடி என்று மாற்றியிருந்தார்கள். காலைப் பத்திரிகையை நம்பி வந்த பெரியவருக்கு அந்தச் செய்தி எட்டவில்லை. மஞ்சள் வெளிச்சம் நெருங்கி வந்து, இறக்கை விளக்குகளைக் காட்டி, எங்கள் தலைக்கு மேலாக மீனம்பாக்கத்தை நோக்கிப் போயிற்று. அது மறைவதற்குள் வடக்கே அடிவானம் முழுவதும் செம்மஞ்சளாகச் சிவந்து, அடுப்பிலிருந்து இடுக்கியால் எடுத்த கங்கு போன்ற ஒன்று, அவசரமே இல்லாததுபோல, மரங்களுக்கு மேலே ஏறத் தொடங்கிற்று.

அன்றைய வழக்கில் தோற்றவர் பெரியவர். ஆயினும் அந்த மாடியில் இருந்தவர்களுள் சரியான முறையைக் கையாண்டவர் அவர் ஒருவர்தான் என்பது என் அபிப்பிராயம். நண்பரைத் தவிர மற்றவர்கள் எல்லாரும் வெளிச்சத்தின் அழகைக் கொண்டு ‘ராக்கெட்’ என்று கூவினார்கள். அவரோ கடிகாரத்தைச் சாட்சிக்கு அழைத்தார். அவருடைய தகவல் பழையது, அவ்வளவே. மலைமேல் புகையைக் கண்டு நெருப்பை அனுமானிக்கிற தர்க்க சாஸ்திரிகள், அது புகையா பனிமூட்டமா என்பதை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டுமென்று விதித்திருப்பதைப் போல, வானத்து வெளிச்சத்தை வைத்து வாதிடப் புகுகிறவர்களும் நேரத்தையும் திசையையும் முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும். இந்த அத்தியாயத்தில் சொல்லப்போவதெல்லாம் பெரும்பாலும் இந்த ஒன்றைப் பற்றியதே.

எழுதிய பிறகு வாதிடுக

வெளிச்சத்தைக் கண்டவுடன் செய்யவேண்டிய காரியம், பக்கத்திலிருப்பவரிடம் ‘அது என்ன?’ என்று கேட்பதன்று. கேட்ட மாத்திரத்தில் அவர் ஏதாவது ஒரு பெயரைச் சொல்லிவிடுவார், அந்தப் பெயர் உங்கள் கண்ணுக்கு ஒரு வண்ணக் கண்ணாடியாக அமைந்துவிடும். கைப்பேசியில் மணியைப் பாருங்கள். வினாடி வரையில் பாருங்கள். பிறகு, வெளிச்சம் முதலில் தெரிந்த இடத்தையும் கடைசியில் மறைந்த இடத்தையும், அசையாத ஏதாவது ஒரு பொருளோடு சேர்த்து நினைவில் நிறுத்திக்கொள்ளுங்கள். ‘தண்ணீர்த் தொட்டிக்கு இடது பக்கம் தோன்றி, எதிர்வீட்டு டிஷ் ஆன்டெனாவுக்கு மேலே மறைந்தது’ என்று எழுதிவைத்தால் போதும். மறுநாள் பகலில் திசைமானியை வைத்து அந்த இடங்களைச் சாவகாசமாக அளந்துகொள்ளலாம். உயரத்தை அளக்கக் கையே கருவி. கையை முழுவதும் நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால், மூடிய முஷ்டியின் அகலம் ஏறக்குறைய 10 டிகிரி. விரித்த சாண் 20 டிகிரிக்குச் சற்றுக் கூடும். சுண்டுவிரல் நுனி 1 டிகிரி. குழந்தைக்குக் கை சிறிதானால் அது கண்ணிலிருந்து நிற்கும் தூரமும் குறைவாகையால், இந்தக் கணக்கு பெரியவர், சிறியவர் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒத்துவரும்.

‘எத்தனை அடி உயரம்’, ‘எவ்வளவு பெரிது’ என்பவற்றை எழுதவே வேண்டாம். இருளில் தனியாகத் தெரிகிற ஓர் ஒளிப்புள்ளியின் தூரத்தைக் கணிக்க மனிதக் கண்ணுக்குச் சக்தி கிடையாது. தூரம் தெரியாதபோது பருமனும் தெரியாது. இதற்கு நிரூபணமாக அமைந்த ஒரு சம்பவம் உண்டு. 1968 மார்ச் 3ஆம் தேதி இரவு, சோவியத்து ‘ஜோண்ட்-4’ கலத்தின் ஏவுதலில் மிஞ்சிய உடைந்த பாகங்கள் அமெரிக்காவின் கிழக்குப் பகுதி மாநிலங்களுக்கு மேலாக எரிந்துகொண்டே சென்றன. வரிசையாகப் போன தீத்துண்டுகளைத் தவிர ஆகாயத்தில் வேறொன்றும் இல்லை. அப்படியிருந்தும், பார்த்தவர்களில் சிலர் நீண்ட சுருட்டு வடிவத்தில் ஒரு விமானத்தைக் கண்டதாகவும், அதன் பக்கவாட்டில் ஜன்னல்கள் வரிசையாக ஒளிவிட்டதாகவும், அது மிகவும் தாழப் பறந்ததாகவும் கடிதம் எழுதினார்கள். அந்த நாளில் இவ்விஷயங்களை விசாரித்துவந்த கொலராடோ பல்கலைக்கழகக் குழு இந்தக் கடிதங்களை எடுத்து ஆராய்ந்தது. எழுதியவர்கள் பொய்யர்களல்லர்; படித்தவர்கள், பொறுப்புள்ளவர்கள். புள்ளிகளுக்கு நடுவேயிருந்த இருட்டை அவர்களுடைய மனம் ஓர் உடலாக வார்த்துவிட்டது.

ஆகையால் உங்கள் குறிப்பேட்டில் ‘ராக்கெட்’ என்ற சொல் அன்றிரவு இடம்பெறலாகாது. நேரம், திசை, கையளவில் உயரம், எத்தனை வினாடி தெரிந்தது, நிறம் மாறிற்றா, சத்தம் கேட்டதா, கேட்டதானால் எத்தனை வினாடி கழித்து — இவை மாத்திரம் இருக்கட்டும். கூட இருந்தவர்களும் தனித்தனியே எழுதட்டும். எழுதி முடிக்கும் வரையில் ஒருவர் ஏட்டை மற்றவர் எட்டிப் பார்க்க வேண்டாம்.

ஸ்ரீஹரிகோட்டா இருக்கும் திசை

தமிழ்நாட்டில் இரவு வேளையில் ராக்கெட்டைக் கண்டதாகச் சொல்லுகிறவர்களில் பெரும்பாலோர் கண்டிருக்கக்கூடியது, பழவேற்காடு ஏரிக்கும் வங்கக்கடலுக்கும் நடுவே நீளவாக்கில் கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவிலிருந்து எழும்பியதாகத்தான் இருக்க முடியும். இது சென்னைக்கு நேர் வடக்கே, 80 கி.மீ.க்கு உட்பட்ட தூரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பும் ராக்கெட்டுகள் கடலுக்கு மேலாகவே செல்ல வேண்டும், ஜி.எஸ்.எல்.வி.யும் எல்.வி.எம்.-3உம் பெரும்பாலும் கிழக்கு நோக்கிப் போகின்றன. துருவப் பாதைக்குச் செயற்கைக்கோளைக் கொண்டுபோகும் பி.எஸ்.எல்.வி.யோ, இலங்கைக்கு மேலே பறக்கக்கூடாது என்பதற்காக, முதலில் தென்கிழக்கே சென்று பிறகு தெற்கே திரும்புகிறது. எனவே சென்னைவாசியின் பார்வைக்கு அது வடக்கே எழுந்து, வலது கைப்பக்கமாகச் சாய்ந்து, கிழக்கையோ தென்கிழக்கையோ நோக்கிப் போக வேண்டும். மேற்கு வானத்தில், பூந்தமல்லிப் பக்கமாக ஒரு வெளிச்சத்தைக் கண்டு, ‘ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட்’ என்று எவராவது சொன்னால், மேற்கொண்டு விசாரணையின்றி அந்த வழக்கைத் தள்ளுபடி செய்துவிடலாம்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு சூத்திரம் சொல்லுகிறேன். பொருள் எத்தனை கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறதோ, அந்த எண்ணின் வர்க்கமூலத்தை 113ஆல் பெருக்கினால், எத்தனை கிலோமீட்டர் தூரம் வரையில் அது அடிவானத்துக்கு மேலே தெரியும் என்பது கிடைக்கும். மதுரையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா நேர்கோட்டில் ஏறக்குறைய 480 கி.மீ.; ஆகவே ராக்கெட் 18 கி.மீ. உயரம் ஏறியபின் அது மதுரைக்குக் கண்ணுக்கெட்டும் பொருளாகிவிடுகிறது. திருச்சிக்கு 10 கி.மீ. உயரமே போதும். கிளம்பி ஒரு நிமிஷத்தில், சற்று முன்பின்னாக, ராக்கெட் இந்த உயரங்களைக் கடந்துவிடுகிறது. அடிவானத்தில் மேகமும் ஊர் வெளிச்சமும் இல்லாமலிருந்தால், மதுரையில் மாடியில் நிற்கிறவர் வடகிழக்கில் தாழ்ந்து ஒரு செம்புள்ளி ஊர்ந்ததாகச் சொல்லுவதைக் கேலி செய்ய நமக்கு உரிமையில்லை.

அடுத்து, எவ்வளவு நேரம் தெரிந்தது என்பது. பி.எஸ்.எல்.வி.யின் முதற்கட்டத்தில் எரிவது, அலுமினியத் தூள் கலந்த திட எரிபொருள். அதனால்தான் அந்தச் சுடருக்கு அப்படி ஒரு பிரகாசம். சுமார் 110 வினாடியில் அது தீர்ந்து, திரவ எரிபொருளில் ஓடும் இரண்டாம் கட்டம் பற்றிக்கொள்ளுகிறது. திரவ எரிபொருளின் சுடர் மங்கலானது. அதற்குள் ராக்கெட்டும் வெகுதூரம் போயிருக்கும். நாங்கள் மாடியில் நின்ற அன்றும், நண்பரின் மனைவி, “ஐயோ, அணைஞ்சு போச்சே! என்னங்க, ஏதாவது ஆயிடுச்சா?” என்று பதறினார். ஒன்றும் ஆகவில்லை, கட்டம் மாறிற்று. இரண்டு நிமிஷத்துக்குச் சற்றுக் குறைவாக ஜகஜ்ஜோதியாக எரிந்து, சட்டென்று சிறு நட்சத்திரமாகக் குன்றிய வெளிச்சம் என்று ஒருவர் எழுதிவைத்திருந்தால், அதைவிட நல்ல சாட்சியம் வேறில்லை.

சத்தத்தைப் பற்றித்தான் ஜனங்களுக்கு அதிகமான பிரமை இருக்கிறது. ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க மூன்று வினாடி ஆகும். பழவேற்காட்டுக் கரையில் நிற்கிறவருக்கு, வெளிச்சம் எழுந்து ஒன்றரை நிமிஷம் சென்ற பிற்பாடுதான் அந்த உறுமல் வந்து சேரும்; சென்னை நகரத்தின் நடுவே இருப்பவருக்குக் கேட்குமானால், மூன்றரை நிமிஷத்துக்குப் பிறகே கேட்க வேண்டும். முற்றத்தில் அம்மிக்கல்லை உருட்டுவது போன்ற தாழ்ந்த ஓசை அது. வெளிச்சமும் வெடிச்சத்தமும் ஒரே சமயத்தில் வந்தன என்றால், அது பக்கத்துத் தெருவில் யாரோ விட்ட வாணம். பழவேற்காட்டு மீனவர்களிடம் கேட்டால் இன்னொரு பிரமாணமும் கிடைக்கும்: ராக்கெட் கிளம்பும் நாளில் கடலுக்குப் போக வேண்டாமென்று அவர்களுக்கு முன்கூட்டியே தடை சொல்லிவிடுகிறார்கள். வலை காயப்போட்டிருக்கிற தினத்தில்தான் வானத்தில் ராக்கெட்டைத் தேட வேண்டும்.

அந்தி வேளையின் மாயம்

நடுநிசியில் கிளம்பும் ராக்கெட்டில் தெரிவது அதன் நெருப்பு மாத்திரமே. சூரியன் மறைந்த பின்னோ உதிப்பதற்கு முன்னோ ஒரு மணி நேரத்துக்குள் கிளம்புவதன் கதை வேறு. சூரியாஸ்தமனமாகி அரைமணி சென்றபின் நமக்கு இருட்டிவிடுகிறது. ஆனால் தலைக்கு மேல் 50, 60 கி.மீ. உயரத்துக்கு அப்பால் இன்னும் வெயில் காய்ந்துகொண்டிருக்கிறது. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் வெயிலின் விளிம்பு ஏறக்குறைய 200 கி.மீ.க்கு உயர்ந்துவிடுகிறது. ராக்கெட் அந்த வெயிலுக்குள் நுழையும்போது, காற்றின் அழுத்தம் இல்லாமையால் அதன் வாயு பல கிலோமீட்டர் அகலத்துக்கு விசிறிபோல் விரிந்து, இருண்ட வானத்தின் பின்னணியில் வெண்மையாகவும் நீலமாகவும் பிரகாசிக்கிறது. பார்க்கிறவன் இருளில், பார்க்கப்படுவது வெயிலில். அதிசயம் முழுவதும் இதில்தான் அடங்கியிருக்கிறது.

தென்கோடிச் சீமைக்காரர்கள் இதை வெகுகாலத்துக்கு முன்பே பார்த்தவர்கள். 1963 நவம்பர் 21ஆம் தேதி மாலை, திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து இந்திய மண்ணின் முதல் ஆய்வு ராக்கெட் கிளம்பிற்று. அமெரிக்க ‘நைக்கி-அப்பாச்சி’ வகையான அது தன்னோடு கொண்டுசென்றது பிரான்ஸிலிருந்து வந்த சோடிய ஆவிக் கருவி. உயர் வானத்துக் காற்று எந்தத் திசையில், எந்த வேகத்தில் வீசுகிறது என்பதை அறிவதற்காக அந்த ஆவியை ஆகாயத்தில் தூவினார்கள். அந்திச் சூரியனின் கதிர் பட்டு அது செம்மஞ்சள் மேகமாக ஒளிர்ந்ததைக் கேரளக் கரையிலும் கன்னியாகுமரிப் பக்கத்திலும் ஜனங்கள் வீதியில் நின்று பார்த்தார்கள். அன்றைக்கு ‘அது ராக்கெட்டா?’ என்று கேட்டவருக்கு ‘ஆம்’ என்பதும் சரி, ‘அல்ல’ என்பதும் சரி. ராக்கெட்டின் வேலைதான் அது. ஆனால் கண்டது ராக்கெட்டை அன்று.

தும்பாவில் அன்று ராக்கெட்டைப் பூட்டி ஆயத்தம் செய்தவர்களுள் ஒருவரான ராமேசுவரத்து இளைஞர் அப்துல் கலாமின் பெயரைத் தாங்கியிருக்கிறது, ஒடிசாக் கரைக்கு அப்பால் உள்ள ஏவுகணைச் சோதனைத் தீவு. 2022 டிசம்பர் 15ஆம் தேதி மாலை, அங்கிருந்து அக்னி-5 ஏவுகணையைச் செலுத்தியபோது, 240 கி.மீ.க்கு அப்பாலுள்ள கல்கத்தாவிலும் வங்காளத்தின் பல ஊர்களிலும், டார்ச் விளக்கை மேல்நோக்கி அடித்தாற்போன்ற ஒளிக்கற்றை ஒன்றைச் சில நிமிஷங்கள் ஜனங்கள் கண்டு, வால்நட்சத்திரம் என்றும் வேற்றுக்கிரகத்தார் என்றும் விவாதித்தார்கள். அந்தக் கடற்பரப்பில் விமானங்கள் செல்லலாகாதென்ற முன்னறிவிப்பு பல நாட்களுக்கு முன்பே வெளியாகியிருந்தது. தேதியையும் நேரத்தையும் அதனோடு ஒப்பிட்டவர்களுக்கு விவாதிக்க ஒன்றுமில்லாமல் போயிற்று. வானத்து மர்மங்களுக்கு விடை பல சமயங்களில் இப்படிச் சர்க்கார் அறிவிப்புகளில்தான் கிடைக்கிறது.

அறிவிப்பு தாமதமாக வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நார்வே உதாரணம். 2009 டிசம்பர் 9ஆம் தேதி காலை, துருவப் பிரதேசத்து நீண்ட இரவின் இருளில், வடக்கு நார்வேயின் டிராம்ஸோ முதலிய ஊர்களில் நீலக் கற்றை ஒன்று சுழன்று எழுந்து, அதன் முனையில் தீபாவளிச் சங்குசக்கரத்தைப் போல மாபெரும் வெண்சுருள் விரிந்து, இரண்டு மூன்று நிமிஷங்களில் நடுவே கரும்பள்ளமாகத் திறந்து மறைந்தது. கம்பஸால் வரைந்ததுபோல் ஒழுங்காக இருந்தமையால், படத்தைப் பார்த்தவர்கள் அதை மோசடி என்றே முதலில் நினைத்தார்கள். வெள்ளைக்கடலில் ஒரு நீர்மூழ்கியிலிருந்து செலுத்திய ‘புலவா’ ஏவுகணை மூன்றாம் கட்டத்தில் பழுதாகிவிட்டது என்று ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகம் மறுநாள் ஒப்புக்கொண்டது. தட்டுக்கெட்டுச் சுழலும் ராக்கெட், தோட்டத்தில் தண்ணீர் தெளிக்கும் சுழல்குழாய் போலப் புகையை எறிகிறது. காற்றில்லாத உயரத்தில் அந்தப் புகையைக் கலைக்க எதுவுமில்லை. ஆகையால் சுருள் வடிவம் அழகாக இருப்பது சந்தேகத்துக்குக் காரணமாகாது. அதுவே ராக்கெட்டின் கையெழுத்து.

ராக்கெட் அல்லாதவை

இவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அசையாமல் நின்று, ஒரு மணி நேரத்தில் மெல்லத் தாழ்வது சுக்கிரன். மாலையில் மேற்கே, விடியலில் கிழக்கே. ஓரிரு வினாடியில் கோடு கிழித்து மறைவது எரிநட்சத்திரம். மேற்கிலிருந்து வந்து, சிமிட்டாமல், நாலைந்து நிமிஷத்தில் வானத்தைக் கடந்து, நடுவானிலேயே மங்கி மறைவது பெரும்பாலும் சர்வதேச விண்வெளி நிலையம். பூமியின் நிழலுக்குள் நுழைவதால் அது அப்படி மறைகிறது. முத்துக்கோத்த மாதிரி ஒரே வரிசையில் பல புள்ளிகள் போனால், அவை புதிதாக ஏவிய ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள்; 2019 மே மாதத்துக்கு முன் இந்தக் காட்சியை எவரும் கண்டதில்லை.

ஊரார் மனத்தில் ராக்கெட் பயம் குடிபுகுந்துவிட்டால் எரிநட்சத்திரமும் ராக்கெட்டாகிவிடும். 1946ஆம் ஆண்டில், யுத்தம் முடிந்த மறுவருஷம், ஸ்வீடனில் ‘பேய் ராக்கெட்’ என்று ஆயிரக்கணக்கில் புகார்கள் குவிந்தன. ஜெர்மானியரிடமிருந்து கைப்பற்றிய ராக்கெட்டுகளை ருஷ்யர்கள் பரீட்சிக்கிறார்கள் என்று தேசம் முழுவதும் பேச்சு. அந்தப் புகார்கள் உச்சத்துக்குப் போன ஆகஸ்ட் இரண்டாம் வாரம், வருஷந்தோறும் பெர்சியிட் எரிநட்சத்திரங்கள் பொழிகிற வாரமாக அமைந்திருந்தது. இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. 1957 அக்டோபரில் ஸ்புட்னிக்கைக் கண்ணால் பார்த்ததாகச் சொல்லிப் பெருமைப்பட்டவர்கள் உலகெங்கும் இருந்தார்கள். இரண்டடி விட்டத்துக்கும் குறைந்த அந்தக் கோளம் கூர்மையான கண்ணுக்கும் அரிதாகவே புலப்படும். அவர்கள் கண்டது, அதன் கூடவே சுற்றிவந்த ராக்கெட்டின் பெரிய உடற்பகுதி.

திரும்பி வருகிற ராக்கெட்

மேலே போவதைவிடக் கீழே வருவதுதான் அதிகமான விவாதத்துக்கு இடமளிக்கிறது, ஏனெனில் அதன் நேரத்தையோ திசையையோ முன்கூட்டியே யாரும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. 2022 ஏப்ரல் 2ஆம் தேதி, மராட்டியர்களின் வருஷப்பிறப்பான குடிபாட்வா அன்று இரவு, மகாராஷ்டிரத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் பல தீக்கோடுகள் சேர்ந்து, ஒன்றையொன்று முந்தாமல், நிதானமாக வானத்தைக் கடந்தன. எரிநட்சத்திரம் என்றார்கள் பலர். எரிநட்சத்திரம் வினாடிக்கு 11 கி.மீ.க்குக் குறையாத வேகத்தில் வந்து, கண் இமைப்பதற்குள் தீர்ந்துபோகும். பூமியைச் சுற்றிக்கொண்டிருந்த பொருளோ ஏறக்குறைய 8 கி.மீ. வேகத்தில், மிகச் சாய்வாக நுழைவதால், உடைந்து உடைந்து ஒரு நிமிஷமோ அதற்கு மேலோ எரிகிறது. அன்றிரவே சந்திரபூர் மாவட்டத்துச் சிந்தேவாஹி வட்டத்தில், 3 மீட்டர் அளவுள்ள உலோக வளையம் ஒன்று ஊருக்குள் விழுந்து கிடந்தது. பக்கத்து ஊர்களில் உலோகக் கோளங்களும் கிடைத்தன. முந்தின ஆண்டு சீனா ஏவிய ‘லாங் மார்ச்-3பி’ ராக்கெட்டின் மூன்றாம் கட்டம் அது என்று, பாதையையும் நேரத்தையும் கணித்தவர்கள் சொன்னார்கள்.

அப்படிப்பட்ட துண்டு எதையாவது உங்கள் வயலிலோ வாசலிலோ காண நேர்ந்தால், ஆறிப்போயிருந்தாலும் கையால் தொடாதீர்கள், பிள்ளைகளை அண்டவிடாதீர்கள். சில ராக்கெட்டுகளின் எரிபொருளான ஹைட்ரஸீன் கொடிய விஷம், அது கோளத்துக்குள் மிஞ்சியிருக்கக்கூடும். தூரத்தில் நின்று ஒரு படம் எடுத்து, விழுந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, காவல் நிலையத்துக்குச் சொல்லி அனுப்புங்கள்.